ராகு காலம் முடிந்ததும் ஒரு டேட்டாபேஸ்

ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு மாமி ஜாதகப் பரிவர்த்தனை நிலையம் நடத்துகிறார். நிலையம் என்றால் அவர் வீட்டு முன்னறையும் அதில் இருக்கும் இரண்டு ஸ்டீல் பீரோக்களும்தான். ஒன்றில் பிள்ளைகள், மற்றதில் பெண்கள். பிள்ளைகளின் பீரோ நிரம்பி வழிந்து கதவு மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். பெண்களின் பீரோவில் கீழ்த் தட்டு முழுக்கக் காலியாக இருந்ததால் மாமி அதில் அப்பளக் கட்டுகளை அடுக்கியிருந்தார்.

நான் திருச்சி கே.கே. நகரில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுப்பவன். வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் துறையூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். பெங்களூரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி எவனுக்கும் கை கட்டி நிற்பதில்லை என்று வீராப்பாகத் திருச்சிக்கு வந்தேன். வந்த பிறகு பல் டாக்டர், டைல்ஸ் கடைக்காரர், டியூஷன் சென்டர்காரர் என்று ஊரில் பாதிப் பேருக்குக் கை கட்டி நின்றாகிவிட்டது. அந்த வரிசையில்தான் மாமி வந்தார்.

"அமெரிக்காவுல இருக்கறவா எல்லாம் ஆன்லைன்ல இல்லையா மாமிங்கறா. பதினஞ்சு நாள்ல பண்ணித் தந்துடுவேளோல்லியோ?" என்றார்.

"தாராளமா மாமி," என்றேன். எந்த வேலைக்கும் நான் முதலில் சொல்வது அதுதான். பிறகு வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொள்வேன்.

இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி ஒருவன் உண்டு. மலைக்கோட்டைக்குக் கீழே மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, துணி மடிக்கப் பிடிக்காமல் கம்ப்யூட்டருக்கு ஓடி வந்தவன். சர்வர் பார்த்துக்கொள்வது அவன், பக்கங்கள் எழுதுவது நான். அவன் குடும்பக் கடை இருக்கும் தெருவில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டுதான் எங்கள் தொழிலின் பெரிய முடிவுகள் எல்லாம் எடுக்கப்பட்டன. பின்னால் துணி மூட்டையோடு யாராவது "வழி வழி" என்று கத்திக்கொண்டு வருவார்கள். அதனால் முடிவுகளை வேகமாக எடுக்க வேண்டியிருக்கும்.

அன்றைய கேள்வி, எந்த டேட்டாபேஸ் என்பது. டேட்டாபேஸ் என்றால் வேறொன்றுமில்லை, மாமியின் பீரோதான், கம்ப்யூட்டருக்குள் இருக்கும். எங்கள் முன்னால் இரண்டு இருந்தன. ஒன்று, எல்லா விவரமும் ஒரே ஒரு ஃபைலில் அடங்கிவிடும் சின்ன டேட்டாபேஸ். பென் டிரைவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். இன்னொன்று, யானைப் படத்தைச் சின்னமாக வைத்திருக்கும் பெரிய டேட்டாபேஸ். அதைச் சர்வரில் தனியாக நிறுவி, பாஸ்வேர்டு வைத்து, தினமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

"யானையே போடு மாப்ளே," என்றான் கூட்டாளி. "கல்யாண விஷயம். விளையாடாத."

"மாமி வீட்டுல ரெண்டு பேர் ஒண்ணா வந்தாலே மூணாவது ஆளுக்கு நாற்காலி கிடையாது. இதுக்குப் போய் யானையைக் கட்டித் தீனி போடச் சொல்றியா?"

"நாற்காலி வேற, வெப்சைட் வேற. அந்த ஃபைல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும். ஒருத்தர் எழுதி முடிக்கற வரைக்கும் மத்தவங்க நிக்கணும். கொஞ்ச நேரம் பார்த்துட்டு அது கதவைச் சாத்திடும்."

"நிக்கட்டும். எல்லாரும் ஒரே நிமிஷத்துலயா வந்து எழுதப்போறாங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் ஒரு சேலை மூட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து போனது. அதற்குள் நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டேன். காசு கொடுத்தவன் பேச்சுதான் எங்களுக்குள் செல்லும். அப்படித்தான் சின்ன டேட்டாபேஸ் வந்தது. அவன் மட்டும், "நான் யானையை ஒரு ஓரமா கட்டி வைக்கிறேன், உனக்கு வேண்டியிருக்கும்," என்று சர்வரில் அதையும் நிறுவி வைத்தான். எனக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

சின்ன டேட்டாபேஸுக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். உயரம் என்ற கட்டத்தில் எண் மட்டும்தான் வர வேண்டும் என்று சொல்லியிருந்தாலும், எழுத்து வந்தால் முகம் சுளிக்காது. அப்போது எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. மாமி தானே உட்கார்ந்து ஜாதகங்களை ஏற்ற ஆரம்பித்தார். உயரம் கட்டத்தில் "நல்ல உயரம்" என்று அடித்தார். சம்பளம் கட்டத்தில் "கை நிறைய" என்று அடித்தார். வயது கட்டத்தில் ஒரு பெண்ணுக்கு "சொல்லவில்லை" என்று இருந்தது. எல்லாமே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டன.

மாமி ஏற்றிய முதல் ஜாதகம், பதிவு எண் ஒன்று, ஒரு பிள்ளையுடையது. பீரோவில் அதிக நாள் இருப்பவருக்கு முதல் இடம் என்று மாமி ஒரு நியாயம் வைத்திருந்தார். வயது நாற்பத்தொன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் மடப்பள்ளி வேலை, அதாவது பெருமாளுக்குச் சமைப்பது. அம்மா மட்டும் உண்டு. ஜாதகக் காகிதத்தின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் வெளுத்து, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது.

அடுத்தது பெண்களின் பக்கம் சரியாக வருகிறதா, பொருத்தம் பார்க்கும் கணக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பொய்யான பெண் தேவை. நான் பதிவு எண் ஒன்றை அப்படியே நகலெடுத்து, ஆண் என்பதைப் பெண் என்று மாற்றி, பெயருக்கு ஏதோ நாலு எழுத்தைத் தட்டி மாமிக்குக் காட்டினேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "கோத்ரம் ரெண்டும் ஒண்ணா இருக்கே. அண்ணா தங்கைக்குக் கல்யாணம் பண்ணி வைக்கறேளா?"

எங்கள் பக்கம் ஜாதகம் உண்டு, குலதெய்வம் உண்டு, கோத்திரம் கிடையாது. அந்தக் கட்டத்தை நான் பின்கோடு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். மாமிக்கு முன்னால் அவமானப்பட்டது எனக்குப் பொறுக்கவில்லை. சரி, செய்வதைத் திருந்தச் செய்வோம் என்று அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒரு பெண்ணை உருவாக்கினேன்.

முதலில் பதிவு எண் ஒன்றுக்கு எந்த ஜாதகம் பொருந்தும் என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதித் தேடினேன். பத்துப் பொருத்தத்தில் ஒன்பது வருகிற மாதிரி ஒரு நட்சத்திரம் அகப்பட்டது. வேறு கோத்திரம் போட்டேன். முப்பத்துநான்கு வயது, பி.எஸ்சி. கணிதம், வீட்டில் டியூஷன். பாட்டு கொஞ்சம் தெரியும். ரயிலில் ஜன்னலோரம் பிடிக்கும். எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில், "நல்ல மனசு இருந்தால் போதும்" என்று எழுதினேன். போட்டோவுக்குப் பதில் ஒரு குத்துவிளக்குப் படம். தொடர்பு எண்ணுக்கு வெப்சைட் புகார்களுக்காக நான் வைத்திருந்த இரண்டாவது சிம்.

என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் படித்தாள். "யாரு இது?"

"யாரும் இல்ல. டெஸ்ட்டுக்கு."

"நல்ல பொண்ணா இருக்கா. நம்ம வீட்டுக்கும் ஒண்ணு ஏற்பாடு பண்ணுங்க. காபி போட்டுக் கொடுக்க ஆள் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தப் பெண் மற்றவர்கள் கண்ணில் படக் கூடாது. அதற்காக "சோதனை" என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். அதில் ஒன்று என்ற எண் இருந்தால் மறைத்துவிடு, பூஜ்யம் இருந்தால் காட்டு என்பது ஏற்பாடு. நான் இருந்த உற்சாகத்தில் அந்தக் கட்டத்தில் எண் போடாமல் "ஆமாம்" என்று எழுதினேன். சின்ன டேட்டாபேஸ் அதையும் விழுங்கியது. சரி, "ஆமாம்" என்றிருந்தாலும் மறை என்று என் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அவள் பதிவு எண் இரண்டு ஆனாள்.

மாமி திறப்பு விழாவுக்கு நாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். "ராகு காலம் முடிஞ்சதும் பதிவு பண்ணிக்கலாம்" என்று தன் வாட்ஸ்அப் குழு முழுவதற்கும் செய்தி அனுப்பினார். எனக்கும் அது வந்தது. ஒரு ஸ்மைலி போட்டேன். அதில் இருக்கிற விபரீதம் எனக்கு உறைக்கவே இல்லை.

பன்னிரண்டு அடித்தது. அதுவரை ஈ காக்கை இல்லாத வெப்சைட்டில், ஊரிலிருந்த அத்தனை அப்பாக்களும் ஒரே நிமிஷத்தில் பட்டனை அழுத்தினார்கள். எல்லாரும் பதினொன்றரைக்கே எல்லாவற்றையும் நிரப்பி, பிள்ளை போட்டோவோ பெண் போட்டோவோ ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விரலைத் தயாராக வைத்திருந்தார்களாம். பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி எல்லோரும் ஒரே சமயத்தில் எழுத வந்தார்கள். அந்தச் சின்ன ஃபைலில் ஒருவர்தான் எழுத முடியும். போட்டோக்களையும் அதற்குள்ளேயே போட்டு வைத்திருந்த புத்திசாலி நான் என்பதால், அந்த ஒருவர் எழுதி முடிக்கவும் வெகுநேரம் ஆனது. மற்றவர்களுக்கு அது கதவைச் சாத்தியது.

கதவு சாத்தியதை அது ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் தாய்மொழிப் பற்றில் எல்லா அறிவிப்புகளையும் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஜாதகத்தை நல்ல நேரத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டு அனுப்பிய அப்பாக்களின் திரையில் கொட்டை எழுத்தில் வந்தது: "பூட்டப்பட்டுள்ளது. பிறகு முயலவும்."

மாமியிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

"ஒருத்தர் ஆத்துல பொண்ணோட அம்மா படுத்துண்டுட்டாளாம். வழி பூட்டியிருக்குன்னு பெருமாளே சொல்லிட்டார்ங்கறாளாம். என்ன பண்ணப்போறேள்?"

"சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடறேன் மாமி."

"மூணு மணிக்கு எமகண்டம். அதுக்குள்ள பண்ணுங்கோ."

கூட்டாளிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. போனை அணைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். ராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் ஜும்ஆவுக்கும் நடுவில் ஒரு மனிதன் சிக்கிக்கொண்டால் அவனை யார் காப்பாற்றுவது? நான் தனியாக உட்கார்ந்து, அவன் ஓரமாகக் கட்டி வைத்திருந்த யானையை அவிழ்த்தேன்.

யானை கறாரான பிராணி. கட்டத்துக்குள் என்ன வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோமோ அதைத் தவிர வேறு எதையும் வாங்காது. சின்ன டேட்டாபேஸிலிருந்து விவரங்களை எடுத்து ஊட்டியதும் துப்ப ஆரம்பித்தது. உயரத்தில் "நல்ல உயரம்" என்றால் எத்தனை அடி? சம்பளத்தில் "கை நிறைய" என்றால் யாருடைய கை? வயது "சொல்லவில்லை" என்று எவனாவது எழுதுவானா? ஒவ்வொரு துப்பலுக்கும் ஓடி ஓடி நான் திருத்தினேன். உயரம் எல்லாம் ஐந்தே காலடியானது. மணி இரண்டு நாற்பது.

கடைசியாகச் "சோதனை" கட்டத்துக்கு வந்தது. பதிவு எண் இரண்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் "ஆமாம்" என்று இருக்கிறதே, இது என்ன என்று நின்றது. எனக்கு அந்த நேரத்தில் பதிவு எண் இரண்டு யார், என்ன என்று எதுவுமே ஞாபகமில்லை. மாமி ஏதோ அடித்திருப்பார் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டம் முழுவதற்கும் பூஜ்யம் போடு என்று ஒரே கட்டளை கொடுத்தேன். யானை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு வெப்சைட் திறந்தது. எட்டு நிமிஷத்தில் எல்லா அப்பாக்களும் பதிந்து முடித்தார்கள். யானை அசையக்கூட இல்லை.

ஜும்ஆ, பிரியாணி இரண்டையும் முடித்துவிட்டுக் கூட்டாளி போன் செய்தான். "மாறிட்டியா? மாஷா அல்லாஹ். நான் அன்னிக்கே சொன்னேன்," என்றான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போனது. ஒரு நாள் காலை அந்த இரண்டாவது சிம்முக்கு ஒரு அழைப்பு. மிகவும் தயக்கமான குரல். "வெப்சைட்ல இந்த நம்பர் போட்டிருந்தது. நேர்ல வந்து பேசலாமா?"

அந்த எண்ணுக்கு வருவது எல்லாம் போட்டோ ஏறவில்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது வகையறாக்கள்தான். நேரில் வருகிற அளவுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்தேன். "சனிக்கிழமை மாமி வீட்டுக்கு வந்துடுங்க, நான் அங்க இருப்பேன்," என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். அம்மாகிட்ட சொல்லிடறேன்," என்றார். ஒரு பாஸ்வேர்டுக்கு எதற்கு அம்மா என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை மாமியின் முன்னறையில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்தார். பளிச்சென்று வெளுத்த வேஷ்டி, நெற்றியில் திருமண், கையில் ஒரு எவர்சில்வர் சம்படம். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு யோசித்தார்.

"நீங்க பொண்ணுக்கு அண்ணாவா?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார். அதற்குள் வந்தவர் சம்படத்தைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார். "பெருமாள் கண்டருளின அக்காரவடிசல். அடியேன் பண்ணினது. அமுது பண்ணுங்கோ."

நான் சாப்பிட்டேன். ஏன் சாப்பிட்டேன் என்று பின்னால் பல தடவை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். வாயில் அந்த வெல்லப் பொங்கலின் நெய்யும் குங்குமப்பூவும் இருக்கும்போதுதான் அவர் தன் போனை எடுத்து நீட்டினார். குத்துவிளக்குப் படம். பதிவு எண் இரண்டு. கீழே, பத்துக்கு ஒன்பது. எதிரில் இருந்தவர் பதிவு எண் ஒன்று.

"ஒன்பது வருஷத்துல அஞ்சுக்கு மேல வந்ததே கிடையாது," என்றார். "அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா அழுதுட்டா."

மாமி போனை வாங்கிப் படித்தார். அவர் பெண்களின் பீரோவில் இருக்கும் எல்லாரையும் முகம் முகமாகத் தெரிந்தவர். படித்து முடித்துப் போனை மேஜையில் வைத்தார்.

"இப்படி ஒரு பொண்ணு என்கிட்ட வரவே இல்லையே. 'நல்ல மனசு இருந்தால் போதும்.' எந்தப் பொண்ணு இப்படி எழுதுவா? இது ஒரு ஆம்பளை எழுதினது," என்று சொல்லி என் பக்கம் திரும்பினார்.

நான் சொன்னேன். டேட்டாபேஸ், யானை, எமகண்டம், பூஜ்யம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் எனக்கே தெரிந்துவிட்டது, வந்தவருக்கு அதெல்லாம் தேவையில்லை என்று. அவருக்குத் தேவையான ஒரே வாக்கியத்தை நான் கடைசிவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். "அப்படி ஒரு பொண்ணே இல்லைங்க. உங்க ஜாதகத்தை வச்சு நான்தான் உண்டாக்கினேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சம்படத்தின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார்.

"ஒன்பது பொருத்தத்துக்காக மட்டும் இல்லே," என்றார். "மத்தவா எல்லாரும் எதிர்பார்ப்புல தளிகைக்காரா, சமைக்கறவா வேண்டாம்னு போட்டிருப்பா. இல்லேன்னா சாஃப்ட்வேர் மட்டும்னு போட்டிருப்பா. இவ போடலை. அதைப் பார்த்துத்தான் போன் பண்ணினேன்." பிறகு லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார். "இதுல தேட முடியுமா? அப்படிப் போடாதவா வேற யாராவது இருக்காளான்னு?"

தேடினேன். பெண், அவர் கோத்திரம் அல்லாத பெண், வயது பொருந்துகிற பெண், மாப்பிள்ளைக்கு இன்ன வேலைதான் இருக்க வேண்டும் என்று எழுதாத பெண். சின்ன டேட்டாபேஸாக இருந்திருந்தால் கொஞ்ச நேரமாவது யோசித்திருக்கும். யானை நான் விரலை எடுப்பதற்குள் பதில் சொல்லிவிட்டது. ஒரே ஒரு வரி வந்தது. பதிவு எண் இரண்டு.

"அதை அழிச்சுடுங்கோ," என்றார் மாமி. அழித்தேன். மறுபடி தேடச் சொல்லி மடப்பள்ளிக்காரரும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் கை அமர்த்தினார். "அது போகட்டும். அம்மாகிட்ட என்ன சொல்றது, அதான் யோசிக்கறேன். பொண்ணே இல்லேன்னு சொன்னா தாங்கமாட்டா. மெஷின்கூட நம்மளைக் கேலி பண்றதும்பா." சம்படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பொண்ணாத்துல வேண்டாம்னுட்டான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடறேளா? அது அம்மாவுக்குப் பழக்கம்தான்."

மாமியிடம் கெஞ்சினேன், நீங்களே பேசிவிடுங்கள் என்று. முடியாது என்றார். இல்லாத பெண்ணுக்காக அவர் பேச மாட்டார், அது தொழில் தர்மம். உண்டாக்கினவர்தான் பேச வேண்டும் என்றார். ஆனால் பாடம் மட்டும் எடுத்தார். "வேண்டாங்க, சரிங்கன்னு சொல்லாதீங்கோ. நம்மவா இல்லேன்னு சட்டுனு தெரிஞ்சுடும். 'ஆயிடுத்து', 'இல்லே'ன்னு சொல்லுங்கோ. பொண்ணுக்கு 'அம்மான்' பேசறேன்னு சொல்லிக்கோங்கோ. எங்களவா தாய்மாமாவை 'அம்மான்'னுதான் சொல்லுவா." நான் நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். ஐந்தாவது தடவை மடப்பள்ளிக்காரரே எனக்கு ஒரு சொல்லைத் திருத்தினார்.

அவர் அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். போனைப் பக்கத்திலேயே வைத்திருந்திருக்க வேண்டும்.

"நமஸ்காரம். நான் பொண்ணுக்கு அம்மான் பேசறேங்க... பேசறேன்."

"சொல்லுங்கோ சொல்லுங்கோ. பிள்ளை வந்து சேர்ந்தானா? அக்காரவடிசல் எப்படி இருந்தது?"

"ரொம்ப நல்லா... நன்னா இருந்தது."

"வெளியூர்லயே இருந்தேளா? பேச்சு மாறியிருக்கே."

"பெங்களூர்ல பன்னிரண்டு வருஷம்." அந்தப் போனில் என்னைப் பற்றி நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அப்புறம் தம் கட்டிச் சொன்னேன். "ஒரு விஷயம் சொல்லணும். இது சரிப்பட்டு வராது போல இருக்கு."

அந்த அம்மா உடனே கேட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்கோ. தளிகை பண்றான்னுதானே?"

வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் ஒத்திகை பார்த்திருந்தோம். ஏன் என்று கேட்பார்கள் என்று மூன்று பேருமே யோசிக்கவில்லை.

"இல்லே," என்றேன். "அதுக்காக இல்லவே இல்லே. பொண்ணுக்கு வேற இடத்துல நேத்துதான் நிச்சயம் ஆயிடுத்து. நாங்கதான் வெப்சைட்லேர்ந்து எடுக்க மறந்துட்டோம். தப்பு எங்களுது."

"நிஜமாவா?"

"நிஜமா. உங்க பிள்ளை மாதிரி ஒருத்தர் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்தினேன்.

"ஒன்பது வருஷமா எல்லாரும் ஒரே காரணம்தான் சொன்னா," என்றார் அந்த அம்மா. "நீங்க ஒருத்தர்தான் வேற சொல்றேள். பொண்ணு க்ஷேமமா இருக்கட்டும். அவன்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்கோ. நான் பக்குவமா சொல்லிக்கறேன். பாவம், ரொம்ப ஆசையா வந்தான்."

போனை வைத்தேன். அம்மா என்ன சொன்னார் என்று மடப்பள்ளிக்காரர் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. உடனே எடுக்கவில்லை. நாலைந்து தடவை மணி அடிக்க விட்டு, வாசல் வரை நடந்துபோய், தெருவில் நிற்கிறவர் மாதிரி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு எடுத்தார்.

"சொல்லும்மா. இல்லே, அம்மான் இன்னும் ஒண்ணும் சொல்லலை, காத்துண்டிருக்கேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "அப்படியா? நேத்தா? ஓ... அதுக்காக இல்லேன்னு சொன்னாளா? நிஜமாவே அப்படிச் சொன்னாளா?"

அந்தப் பக்கம் அம்மா விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"பரவாயில்லேம்மா. சந்தோஷம்தான். நீ முதல்ல சாப்பிடு, நான் வந்துண்டே இருக்கேன்," என்றார்.